மடிக்கணினியில் கிராபிக்ஸ் சிப் கெட்டுப்போகும்போது: சுங்கை சிப்புட்டில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் நகரிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் மடிக்கணினி பழுது பார்ப்பது என் மாலை நேர வேலை. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து, பிள்ளைகள் வீட்டிலிருந்தே பாடம் படிக்க நேர்ந்தபோது, பல குடும்பங்கள் கையில் இருந்த காசுக்குக் கிடைத்த பழைய மடிக்கணினிகளை வாங்கின. வாங்கிய அன்றே நான்கைந்து வயதைக் கடந்திருந்த கணினிகள் அவை. இப்போது ஒவ்வொன்றாகத் திரை தடுமாறி என் மேசைக்கு வருகின்றன. கொண்டு வருகிறவர்கள் கேட்பதும் பெரும்பாலும் ஒன்றேதான். அந்தக் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். உங்கள் கணினி இன்றைக்கே தடுமாறிக்கொண்டிருந்தால் முதலில் 7-ஆம் கேள்வியைப் படித்துவிட்டு வாருங்கள்.

1. கிராபிக்ஸ் கார்டு என்கிறீர்களே அண்ணே, பின்மூடியைக் கழற்றிப் பார்த்தேன், கார்டு மாதிரி எதுவும் இல்லையே?

இருக்காது. மேசைக் கணினியில் அது தனி அட்டை. திருகைக் கழற்றிப் பிடுங்கி வேறு ஒன்றைச் செருகலாம். மடிக்கணினியில் பெரும்பாலும் அது தாய்ப்பலகையில் ஈயப்பற்று வைத்து ஒட்டப்பட்ட ஒரு சிப். பழக்கத்தால் அதையும் கார்டு என்றே சொல்கிறோம். சில பெரிய விளையாட்டுக் கணினிகளிலும் அலுவலகப் பணிக்கான கனத்த கணினிகளிலும் மட்டும் எம்எக்ஸ்எம் என்ற வகை அட்டை தனியாக இருக்கும். அதை மாற்ற முடியும்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். பல மடிக்கணினிகளில் கிராபிக்ஸ் இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று இன்டெல் அல்லது ஏஎம்டி செயலிக்கு உள்ளேயே இருப்பது. மற்றொன்று என்விடியா அல்லது ரேடியான் என்ற பெயரில் தனியாக இருக்கும் சிப். கெட்டுப்போவது பெரும்பாலும் இந்தத் தனிச் சிப்தான். உங்கள் கணினியில் இரண்டும் இருக்கின்றனவா என்பதைப் பொறுத்தே கீழே வரும் பல பதில்கள் மாறும். விண்டோஸில் 'டிவைஸ் மேனேஜர்' திறந்து 'டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்' என்பதை விரித்தால் எத்தனை பெயர்கள் இருக்கின்றன என்று தெரிந்துவிடும்.

2. திரையில் கோடு கோடாக வருகிறது. கார்டு போய்விட்டது என்று கடையில் சொல்லிவிட்டார்கள். உண்மையா?

கோட்டைப் பார்த்த உடனே யாராலும் அதைச் சொல்ல முடியாது. அப்படிச் சொல்லி அனுப்பப்பட்ட கணினிகளில் பல, திரைக்குப் போகும் நாடா வயரை மாற்றியதும் சரியாகியிருக்கின்றன. காசு செலவில்லாமல் வீட்டிலேயே நான்கு சோதனைகள் செய்யலாம்.

மூடியை மெதுவாக முன்னும் பின்னும் அசையுங்கள். அசைவுக்கு ஏற்பக் கோடு வந்து மறைந்தால், கீல் வழியாகப் போகும் வயர் தேய்ந்திருக்கிறது. அடுத்து, எச்டிஎம்ஐ கம்பியால் வீட்டுத் தொலைக்காட்சியில் இணையுங்கள். அங்கே படம் சுத்தமாக வந்து இங்கே மட்டும் கோடு இருந்தால் திரையோ வயரோதான் குற்றவாளி. இரண்டிலும் ஒரே மாதிரி சிதறினால் சந்தேகம் சிப்பின் மீது திரும்புகிறது. மூன்றாவதாக, கோடு தெரியும் நேரத்தில் திரைப்பிடிப்பு எடுத்து அதைக் கைப்பேசிக்கு அனுப்பிப் பாருங்கள். கைப்பேசியிலும் கோடு தெரிந்தால் படம் உருவாகும்போதே கெட்டிருக்கிறது. கைப்பேசியில் சுத்தமாக இருந்தால் படம் திரைக்குப் போகும் வழியில் எங்கோ கெடுகிறது. கடைசியாக, கணினியை அணைத்துத் திறந்து, விண்டோஸ் ஏறும் முன்பே பயாஸ் (கணினியின் அடிப்படை அமைப்புகள்) பக்கத்துக்குள் போங்கள். அங்கேயும் எழுத்துகள் சிதறினால் மென்பொருளைக் குறை சொல்ல இடமில்லை.

திரை முழுக் கருப்பாக இருந்தால் விளக்கை அணைத்துவிட்டுக் கைவிளக்கைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். படம் மங்கலாகத் தெரிந்தால் கெட்டது திரையின் பின்னொளி. போன மழைக்காலத்தில் ஓர் அக்கா மகனின் கணினியைத் துணிப்பையில் சுற்றிக்கொண்டு வந்தார். வேறு கடையில் தாய்ப்பலகையையே மாற்றச் சொன்னார்களாம். கைவிளக்கு அடித்ததும் திரையில் பையனின் பள்ளிப் படம் நிழல்போலத் தெரிந்தது. திரையை மட்டும் மாற்றினோம், இன்றும் அந்தக் கணினி ஓடுகிறது.

3. இரண்டு கிராபிக்ஸும் இருக்கும் கணினி என்னுடையது. தனிச் சிப் கெட்டால் திரை முழுவதும் சிதற வேண்டும்தானே?

அவசியமில்லை. பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. 2010 முதல் என்விடியா 'ஆப்டிமஸ்' என்ற முறையைக் கொண்டுவந்தது. அந்த வகைக் கணினிகளில் திரை இணைந்திருப்பது செயலிக்குள் இருக்கும் கிராபிக்ஸோடுதான். தனிச் சிப் கனமான வேலைக்கு மட்டும் எழுந்து, தான் வரைந்த படத்தை அதனிடம் கொடுக்கும். ஆகவே தனிச் சிப் கெட்டாலும் வெறும் மேசைத்திரை சுத்தமாகவே தெரியலாம். விளையாட்டோ காணொளித் தொகுப்போ தொடங்கியதும் உறைவது, நீலத்திரையில் 'வீடியோ டிடிஆர் ஃபெயிலியர்' என்று வருவது, டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணத்தோடு பிழை எண் 43 வருவது, இவைதான் அதன் அடையாளங்கள்.

இதையே திருப்பிப் பாருங்கள். இந்த வகைக் கணினியில் எதையும் திறக்காத வெறும் மேசைத்திரையிலேயே சிதறல் இருந்தால், தனிச் சிப்பைவிட ரேம், திரை வயர், செயலி ஆகியவற்றையே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

4. ரேமைக் கழற்றி மாட்டச் சொன்னார்கள். ரேமுக்கும் படத்துக்கும் என்ன சம்பந்தம்?

செயலிக்குள் இருக்கும் கிராபிக்ஸுக்குச் சொந்த நினைவகம் கிடையாது. பொது ரேமில் ஒரு பகுதியைத்தான் அது கடன் வாங்கிக்கொள்கிறது. ரேம் தளர்ந்தாலோ கெட்டாலோ படமும் சிதறும். மின்சாரத்தைத் துண்டித்து, மின்கலத்தையும் கழற்றிவிட்டு, ரேமை எடுத்து அதன் பொன்னிறப் பற்களைத் துடைத்துத் திரும்பச் செருகுங்கள். இரண்டு துண்டு இருந்தால் ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

5. சேஃப் மோடில் நன்றாக ஓடுகிறது. அப்படியானால் மென்பொருள் கோளாறுதானே?

அப்படி முடிவு கட்டிவிடாதீர்கள். சேஃப் மோடில், அதாவது மிகத் தேவையானதை மட்டும் ஏற்றும் நிலையில், விண்டோஸ் தன் எளிய இயக்கியை (கிராபிக்ஸை இயக்கும் மென்பொருளை) வைத்துப் படம் காட்டுகிறது. தனிச் சிப்பின் திறன் எதையும் அது தொடுவதில்லை. காய்ச்சல்காரர் படுக்கையில் தெம்பாக இருப்பது போலத்தான். எழுந்து நடந்தால்தான் தெரியும்.

மென்பொருளா என்று பார்க்க முறையான வழி, பழைய இயக்கியைத் துப்புரவாக நீக்கிவிட்டு, உங்கள் கணினியைத் தயாரித்த நிறுவனம் அந்த மாதிரிக்கென்று தந்த இயக்கியை நிறுவுவது. 'டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர்' என்ற இலவச மென்பொருள் சேஃப் மோடில் இந்தத் துப்புரவைச் செய்யும். அதன் பிறகு ஒரு வாரம் சரியாக ஓடினால் இயக்கிதான் காரணம். அன்று மாலையே மறுபடி உறைந்தால் சிப்பைப் பாருங்கள். எப்போதாவது ஒரு முறை திரை உறைந்தால் விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) ஆகிய நான்கு விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். கிராபிக்ஸ் இயக்கி மட்டும் புதிதாகத் தொடங்கும்; எழுதிக்கொண்டிருந்ததைச் சேமிக்க நேரம் கிடைக்கும்.

6. நான் கேம் விளையாடுவதே இல்லை. பிறகு ஏன் கெட்டது?

சூடாவதும் ஆறுவதும் மாறி மாறி நடப்பதுதான் மூல காரணம். சிப்பின் சிலிக்கான் துண்டுக்கும் அதைத் தாங்கும் தட்டுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத அளவில் ஈயப்பற்று மொட்டுகள் இருக்கின்றன. சூட்டில் இரண்டும் ஒரே அளவில் விரிவதில்லை. அந்த இழுபறியை ஆயிரக்கணக்கான தடவை தாங்கிய மொட்டில் ஒருநாள் விரிசல் விழுகிறது. காலையில் திறந்து மூடி, மாலையில் திறந்து மூடி, பாடம் மட்டும் படித்த கணினியிலும் இது நடக்கும்.

உற்பத்தியிலேயே குறையோடு வந்த சிப்களும் உண்டு. சில மடிக்கணினிச் சிப்களில் பொருள்கள் பலவீனமாக இருந்ததை 2008 ஜூலையில் என்விடியாவே ஒப்புக்கொண்டு, அதைச் சரிக்கட்ட 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குவதாக அறிவித்தது. 2011-ஆம் ஆண்டு மேக்புக் ப்ரோ கணினிகளின் கிராபிக்ஸ் பழுதுக்காக ஆப்பிள் 2015 பிப்ரவரியில் இலவசப் பழுதுபார்ப்புத் திட்டம் தொடங்கியது. அந்தத் திட்டம் எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால் பழைய சந்தையில் அந்தக் கணினிகள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. குறைந்த விலைக்குக் கிடைக்கிறது என்று வாங்கிவிடாதீர்கள்.

நம் ஊர்ப் பங்கும் இருக்கிறது. தகரக் கூரை வீட்டில் பிற்பகல் வெப்பம், செம்மண் சாலைப் புழுதி, மெத்தைமேல் வைத்துப் பயன்படுத்தும் பழக்கம். நான் திறக்கும் கணினிகளில் விசிறிக்கும் செப்புத் தகடுகளுக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு படலம் அடைத்திருக்கும். இடுக்கியால் பிடித்து இழுத்தால் கம்பளித் துண்டு போல முழுசாக உரிந்து வரும். சாமி அறைக்குப் பக்கத்தில் வைத்திருந்த கணினி என்றால் அது சற்றுப் பிசுபிசுப்பாக இருக்கும், சாம்பிராணி வாசனையும் வரும். காற்றுப் போக ஊசிமுனை வழிகூட இல்லாமல் அந்தச் சிப் ஆண்டுக்கணக்கில் வெந்திருக்கிறது என்று நினைக்கும்போது எனக்கு மனம் கனத்துப்போகும். ஆண்டுக்கு ஒரு முறை திறந்து துடைத்திருந்தால் இன்னும் சில வருடங்கள் உழைத்திருக்கும்.

7. திரை கருப்பாகிவிட்டது. மகளின் எஸ்.பி.எம். குறிப்புகள், தங்கை கல்யாணப் படங்கள் எல்லாம் உள்ளே. எல்லாம் போய்விட்டதா?

போகவில்லை. கிராபிக்ஸ் சிப் வேறு, உங்கள் கோப்புகள் இருக்கும் வட்டு வேறு. முதலில் தொலைக்காட்சியில் இணைத்துப் பாருங்கள். விண்டோஸ் விசையையும் பி (P) விசையையும் சேர்த்து அழுத்தினால் படம் அங்கே மாறக்கூடும். வந்தால் உடனே எல்லாவற்றையும் வெளி வட்டுக்கு நகலெடுங்கள். வராவிட்டால் வட்டைக் கழற்றி, யுஎஸ்பி பெட்டியில் போட்டு வேறு கணினியில் படிக்கலாம். பழைய சதுர வட்டுக்கு சாட்டா பெட்டி, சூயிங்கம் வடிவில் இருக்கும் எம்.2 வட்டுக்கு அதற்கேற்ற பெட்டி. எம்.2-விலும் சாட்டா, என்விஎம்இ என்று இரண்டு வகை உண்டு. வட்டின் மேல் ஒட்டியிருக்கும் தாளைப் பார்த்து வாங்குங்கள்.

ஒரே ஓர் எச்சரிக்கை. விண்டோஸ் உங்கள் வட்டைத் தானாகவே 'பிட்லாக்கர்' கொண்டு பூட்டியிருக்கலாம். அப்படியானால் வேறு கணினியில் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். பெரும்பாலும் அது மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். கணினி ஓரளவு ஓடும்போதே அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி வையுங்கள். பழுது பார்க்கக் கொடுக்கும் முன்பே நகல் எடுத்துவிடுங்கள். என்னிடம் கொடுப்பதாக இருந்தாலும் அப்படித்தான்.

8. நேற்று ராத்திரி பெரிய இடி. காலையில் திரை வரவே இல்லை. கார்டுதானே?

அநேகமாக இல்லை. மின்னல் அதிர்ச்சி முதலில் தாக்குவது மின்னூட்டியையும் தாய்ப்பலகையின் மின்வழங்கும் பகுதியையும். இணையக் கம்பி செருகியிருந்தால் அந்தத் துளை வழியாகவும் வரும். மின்னூட்டியை எடுத்துவிட்டு, மின்கலத்தைக் கழற்றி, திறப்பு விசையை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பிறகு வேறு ஒரு பொருத்தமான மின்னூட்டியால் திறந்து பாருங்கள். இந்தச் சின்ன வேலையாலேயே எழுந்த கணினிகளைப் பார்த்திருக்கிறேன்.

9. உள்ளே சுத்தம் செய்து பேஸ்ட் போட்டால் சரியாகுமா?

பேஸ்ட் என்பது சிப்பின் சூட்டை மேலே உள்ள உலோகத் தகட்டுக்குக் கடத்தும் பசை. சூட்டினால் மட்டும் தடுமாறும் கணினி அதனால் சரியாகும். விரிசல் விழுந்த சிப் சரியாகாது. எது என்று அறிய 'எச்டபிள்யூஇன்ஃபோ' போன்ற இலவச மென்பொருளில் வெப்பநிலையைப் பாருங்கள். வேலை கொடுத்ததும் 95 டிகிரிக்கு மேல் ஏறிய பிறகுதான் தடுமாறுகிறது என்றால் நம்பிக்கை உண்டு. 50 டிகிரியிலேயே சிதறுகிறது என்றால் பேஸ்டால் பயனில்லை.

செய்யும்போது விசிறி இதழை விரலால் பிடித்துக்கொண்டு காற்றடியுங்கள். கட்டுப்பாடின்றிச் சுழன்றால் அது கெடும். பழைய பேஸ்டை ஐசோபுரொப்பில் ஆல்கஹாலால் துடைத்து, புதியதை மெல்லிய படலமாக வையுங்கள். பக்கத்து நினைவகச் சிப்களின்மேல் இருக்கும் ரப்பர் போன்ற பட்டைகளை அதே தடிமனில்தான் மாற்ற வேண்டும். பட்டைக்குப் பதில் பேஸ்டை அப்பினால் இடைவெளி நிரம்பாது, நினைவகம் வெந்துபோகும்.

10. 'சிப்பைச் சூடு காட்டித் தருகிறோம், புதிது மாதிரி ஓடும்' என்கிறார்கள். செய்யலாமா?

செய்யாதீர்கள் என்று வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன். என் முதல் மடிக்கணினியை இப்படித்தான் இழந்தேன். வெளியூர்க் கடையொன்றில் சூடு காட்டி, முழுக் கூலியும் வாங்கிக்கொண்டு, சரியாகிவிட்டது என்று கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து பதினெட்டாம் நாள் திரை மறுபடி கருப்பானது. என் அப்பா ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த பணம் அது. அதனால்தான் இந்தப் பதிலை நீட்டி எழுதுகிறேன்.

ஈயம் இல்லாத ஈயப்பற்று சுமார் 217 டிகிரியில் உருகும். வெப்பக்காற்றுக் கருவியால் சிப்புக்கும் பலகைக்கும் நடுவே இருக்கும் பெரிய உருண்டைகளை உருக்க முடியும். ஆனால் 6-ஆம் பதிலில் சொன்ன விரிசல் அங்கே இல்லை, சிப்பின் உள்ளே இருக்கும் மொட்டுகளில் இருக்கிறது. 2008-இல் பேர் கெட்ட அந்தச் சிப்களில் உள்மொட்டுகள் ஈயம் மிகுந்தவை. 300 டிகிரியைத் தாண்டினால்தான் உருகும். சூட்டில் விரிந்து உடைந்த முனைகள் கொஞ்ச நாள் தொட்டுக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். பிறகு பிரிந்துவிடும்.

உருண்டைகளையெல்லாம் எடுத்துவிட்டுப் புதிதாகப் பதிக்கும் வேலைக்கு 'ரீபால்' என்று பெயர். அதிலும் சிப் பழையதுதான் என்பதால் உள்விரிசல் அப்படியே இருக்கும். பயன் தரக்கூடியது, புதிய சிப்பையே மாற்றுவது ஒன்றுதான். அதற்கு நல்ல கருவியும் தேர்ந்த கையும் வேண்டும். போடப்போவது புதிய சிப்பா, வேறு பலகையிலிருந்து பிடுங்கியதா என்று கேட்டு, பதிலை ரசீதில் எழுதி வாங்குங்கள்.

11. தாய்ப்பலகையை அடுப்புப் பெட்டியில் வைத்தால் சரியாகும் என்று காணொளியில் பார்த்தேன்.

வேண்டாம். 10-ஆம் பதிலில் சொன்ன அதே தற்காலிகப் பலன்தான் கிடைக்கும். அதோடு பிளாஸ்டிக் இணைப்புகள் உருகும், மின்தேக்கிகள் வெடிக்கும், வெளிவரும் புகை பிள்ளைகளுக்குச் சமைக்கும் அடுப்பில் படியும். மின்கலம் மாட்டியபடியே வைத்தால் வீடே பற்றிக்கொள்ளும்.

12. கெட்ட சிப்பை நிறுத்திவிட்டு இன்டெல்லிலேயே ஓட்டலாமா?

இரண்டு கிராபிக்ஸும் இருக்கும் கணினியில் தாராளமாக ஓட்டலாம். பாடம், கடிதம், காணொளி, இணையவழி வகுப்பு எல்லாவற்றுக்கும் செயலிக்குள் இருக்கும் கிராபிக்ஸ் போதும். டிவைஸ் மேனேஜரில் தனிச் சிப்பின் பெயர்மேல் வலது சொடுக்கி 'டிசேபிள்' கொடுங்கள். 'அன்இன்ஸ்டால்' கொடுத்தால் விண்டோஸ் தானே மறுபடி நிறுவிவிடும். பெரிய விண்டோஸ் புதுப்பிப்புக்குப் பிறகு ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.

பயாஸில் தனிச் சிப்பை அணைக்கும் வசதி இருந்தால் அதுவே மேல். விண்டோஸில் முடக்கிய சிப்புக்குச் சில கணினிகளில் மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். மின்கலம் சீக்கிரம் இறங்கும், கணினியும் சுடும். பயாஸில் அணைத்தால் அந்தத் தொல்லை இல்லை.

13. நீங்கள் சொன்னபடி முடக்கினேன். திரை நன்றாக இருக்கிறது, ஆனால் எச்டிஎம்ஐயில் தொலைக்காட்சி வரவில்லை.

உங்கள் கணினியில் எச்டிஎம்ஐ துளை தனிச் சிப்போடு நேரடியாக இணைந்திருக்கிறது. சிப் போனால் துளையும் போனது போலத்தான். பக்கத்தில் விஜிஏ துளையோ, படம் கடத்தும் டைப்-சி துளையோ இருந்தால் அவற்றைச் சோதியுங்கள். சில மாதிரிகளில் அவை இன்டெல் பக்கம் இணைந்திருக்கும். இல்லாவிட்டால் 'டிஸ்ப்ளேலிங்க்' வகை யுஎஸ்பி மாற்றி வாங்கலாம். பாடம் நடத்தவும் படம் பார்க்கவும் அது போதுமானது.

14. என் கணினியில் ஒரே கிராபிக்ஸ்தான், அதுவும் கெட்டுவிட்டது. வேறு வழி?

படம் சிதறாமல் வரும் அளவுக்குச் சிப்பில் உயிர் இருந்தால், இயக்கியை நீக்கி மைக்ரோசாஃப்டின் எளிய இயக்கியில் ஓட்டலாம். விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளமான லினக்ஸ் என்றால் தொடக்க வரியில் 'நோமோட்செட்' என்ற சொல்லைச் சேர்த்தால் அதே விளைவு. காணொளி தடுமாறும், வெளித்திரை கிடைக்காது. தட்டச்சுக்கும் கோப்புகளை மீட்கவும் உதவும். அதைத் தாண்டினால் தாய்ப்பலகை மாற்றம்தான்.

15. பலகை மாற்ற எவ்வளவு வரை செலவு செய்யலாம் ஐயா?

இதே மாதிரிக் கணினி பழைய சந்தையில் நல்ல நிலையில் என்ன விலைக்குப் போகிறது என்று பாருங்கள். பழுதுச் செலவு அதில் பாதியைத் தாண்டினால் நான் செய்ய வேண்டாம் என்றே சொல்வேன். பழைய பலகையும் அதே வயதுடையது. அதே குறையோடு காத்திருக்கலாம்.

விண்டோஸையும் கணக்கில் எடுங்கள். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி கணினியில் வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைச் செயலியாவது இருக்க வேண்டும். அதற்கு முந்திய கணினியில் பெரிய பணத்தைப் போடுவது பிள்ளையின் கல்விப் பணத்தை வீணாக்குவது. லினக்ஸ் மின்ட் போட்டு, 12-ஆம் பதிலில் சொன்னபடி ஓட்டினால் அந்தக் கணினி வீட்டில் இன்னும் சில காலம் உழைக்கும்.

16. பழுது பார்த்து மூன்று வாரத்தில் மறுபடி கெட்டது. கடையில் பணம் தர முடியாது என்கிறார்கள். நாம் என்ன செய்ய முடியும்?

நிறையச் செய்யலாம். 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், சேவையை நியாயமான திறமையோடும் கவனத்தோடும் செய்ய வேண்டும் என்று கடைக்காரரைக் கட்டுப்படுத்துகிறது. பயனீட்டாளர் கோரல் நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம். பதிவுக் கட்டணம் 5 வெள்ளிதான். வழக்கறிஞர் வைத்து வாதாட அங்கே இடமில்லை. நீங்களும் கடைக்காரரும் நேராகப் பேச வேண்டும். கோரிக்கை எழுந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் பதிவு செய்ய வேண்டும்.

ரசீது இல்லாமல் போனால் வாதம் பலவீனமாகும். கணினியைக் கொடுக்கும்போதே என்ன பழுது, என்ன வேலை, எத்தனை நாள் உத்தரவாதம் என்று எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுக்கும் இடத்தில் கணினியை விட்டுவிட்டு வராதீர்கள். என் அப்பாவிடம் அன்று ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

17. இனி ஆகாது என்று தெரிந்துவிட்டது. பழைய சாமான் லோரிக்குப் போட்டுவிடலாமா?

அப்படியே போடாதீர்கள். முதலில் வட்டைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் போட்டால் அது நல்ல வெளி வட்டு. ரேம், மின்னூட்டி, திரை ஆகியவை அதே மாதிரிக் கணினி வைத்திருக்கும் இன்னொருவருக்கு உதவும். என்னிடம் கொண்டு வந்தாலும் வாங்கி வைத்துக்கொள்வேன்.

மீதமுள்ள பலகை நம் நாட்டில் 2005-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி எஸ்டபிள்யூ 110 என்ற குறியீட்டில் வரும் அட்டவணைக் கழிவு. சுற்றுச்சூழல் துறை அங்கீகரித்த மின்கழிவு சேகரிப்பு இடத்தில் அதை ஒப்படையுங்கள். செம்பனைத் தோப்பு ஓரத்தில் வயர்களோடு சேர்த்து எரித்துச் செம்பு எடுப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் புகையை அருகில் விளையாடும் பிள்ளைகள்தான் சுவாசிக்கிறார்கள். மின்கலம் உப்பியிருந்தால் குத்தாமல், அழுத்தாமல், மின்னேற்றாமல், தீப்பிடிக்கும் பொருள் அருகில் இல்லாத இடத்தில் ஒரு மண் சட்டியில் வைத்துவிட்டு எனக்குச் சொல்லி அனுப்புங்கள். நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.